மலைநாட்டுக் குளிரில் இஞ்சி பியர்: போத்தல் வெடிக்காமல், கடை ருசிக்குக் கிட்டவாக

வெளிநாட்டில் குடித்த சிவந்த ஏல் பியரைப் போல வீட்டிலேயே ஒன்று காய்ச்ச முடியுமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம், வீட்டுத் தேவைக்குத்தான் என்று சொன்னாலும் எடுபடாது. அதனால் இது இஞ்சி பியர், அதாவது இஞ்சி போட்டுப் பொங்கும் இனிப்புப் பானம், பற்றிய குறிப்பு. நம்மில் பெரும்பாலானோருக்கு ருசி பழகிப்போன எலிபன்ட் ஹவுஸ் கம்பனியின் இஞ்சி பியர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்குக் கிட்டவாக ஒன்றை வீட்டு அடுப்பில் செய்வது எப்படி என்பதுதான் விஷயம்.

இதை எழுதக் காரணம், கிடைக்கிற செய்முறை எல்லாம் கொழும்புச் சூட்டுக்கோ சென்னைச் சூட்டுக்கோ எழுதப்பட்டவை. "ஒரு நாள் வெளியே வையுங்கள், பிறகு பிரிட்ஜில் வையுங்கள்" என்று முடித்துவிடுவார்கள். நுவரெலியாவில் ஒரு நாள் வைத்துவிட்டுத் திறந்தால் இனிப்புத் தண்ணீர்தான் வரும். அதே குறிப்பைப் பதுளையில் வெயில் காலத்தில் செய்தால் சரியாக வரும், மாத்தளையில் செய்தால் போத்தல் கல்லாகிவிடும். நாள் கணக்கை உங்கள் ஊர்தான் முடிவு செய்யும், செய்முறை அல்ல. மற்றதெல்லாம் சுலபம்.

1. எதற்குப் பயப்பட வேண்டும்

ஈஸ்ட் சீனியைத் தின்று வாயுவும் கொஞ்சம் சாராயச் சத்தும் விடும். மூடிய போத்தலுக்குள் அந்த வாயு போக இடமில்லாமல் தண்ணீரில் கரைந்து நிற்பதுதான் நமக்கு வேண்டிய பொங்கல். ஒரு லீட்டரில் 4 கிராம் சீனி தின்றால் ஏறக்குறைய ஒரு லீட்டர் வாயு வரும். சோடா போலக் கடிக்க 3 லீட்டர் வாயு போதும், அதாவது 12 கிராம் சீனி. ஆனால் நாம் லீட்டருக்கு 100 கிராம் போடப்போகிறோம், இனிப்பு வேண்டுமே. நேரத்துக்கு நிறுத்தாமல் விட்டால் ஈஸ்ட் மிச்சத்தையும் தின்னத் தொடங்கும், முழுவதையும் தின்றால் 25 லீட்டர் வாயு. எந்தப் போத்தலும் அதைத் தாங்காது. இஞ்சி பியர் வெடித்த கதை எல்லாம் இந்தக் கணக்கை யாரும் சொல்லாததால் வந்தவை.

சாராயச் சத்தும் இதே கணக்குத்தான். 12 கிராமோடு நிறுத்தினால் நூற்றுக்கு அரை முதல் முக்கால் வரை வரும். விட்டுவிட்டால் உண்மையான பியர் அளவுக்கும் அதற்கு மேலும் ஏறும், அப்போது மேலே சொன்ன சட்டம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். துளிகூட இருக்கக்கூடாது என்பவர்கள், விரதக்காரர், முஸ்லிம் நண்பர்கள், சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஈஸ்ட் போடாத வழி 5ஆம் படியின் கடைசியில் இருக்கிறது. யாருக்காவது கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

2. போத்தல்

கண்ணாடி வேண்டாம். பழைய சாராயப் போத்தல், ஜாம் போத்தல், அழகான மூடி போட்ட எண்ணெய்ப் போத்தல் எதுவும் வேண்டாம். சோடா, கோலா வந்த பிளாஸ்டிக் போத்தல்தான் சரி, ஏனென்றால் அது அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டது, உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் கையால் அமுக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தண்ணீர்ப் போத்தல் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மெல்லிசு. கவிழ்த்துப் பாருங்கள்: சோடாப் போத்தலின் அடியில் ஐந்து கால் போலப் புடைத்திருக்கும்.

5 லீட்டருக்கு மூன்று 1.5 லீட்டர் போத்தலும் ஒரு அரை லீட்டர் போத்தலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னது சோதனைப் போத்தல், முதலில் திறப்பது அதைத்தான்.

கழுவுவதில் ஒரு சிக்கல், கொதிநீர் ஊற்றினால் இந்தப் போத்தல் சுருங்கிக் கோணலாகிவிடும். சவர்க்காரம் போட்டு வெதுவெதுப்பான நீரில் நன்றாக அலசிவிட்டு, பார்மசியில் கிடைக்கும் குழந்தைப் போத்தல் கிருமிநீக்கி வில்லையைக் கரைத்து, பெட்டியில் போட்டிருக்கிற நேரம் ஊறவையுங்கள். மூடியையும் சேர்த்து. மூடியின் உள்ளே பழைய கோலா மணம் ஒட்டிக்கொண்டிருக்கும், போகாவிட்டால் வேறு மூடி பாருங்கள்.

3. சாமான்

5 லீட்டருக்கு:

இஞ்சி 400 கிராம். சந்தையில் மூன்று விதம் பார்க்கலாம். உள்ளூர் இஞ்சி சின்னதாக, நார் நிறைய, காரம் அதிகம். ரங்கூன் இஞ்சியும் சீன இஞ்சியும் பருமனாக இருக்கும், தோல் சீவச் சுலபம், ஆனால் உறைப்புக் குறைவு. கடை ருசிக்குக் கிட்டப் போக வேண்டும் என்றால் உள்ளூர் இஞ்சியை எடுங்கள். கிடைக்காவிட்டால் பெரிய இஞ்சியை 500 கிராமாகப் போடுங்கள். அமுக்கினால் மெத்தென்று இருப்பது, பூஞ்சை பிடித்தது எல்லாம் விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

சீனி 500 கிராம். அந்த ஏல் பியர் நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் 400 கிராம் வெள்ளைச் சீனி, 100 கிராம் சிவப்புச் சீனி என்று பிரித்துப் போடலாம். கித்துல் கருப்பட்டி போட்டால் நிறம் இன்னும் அழகு, ஆனால் அதன் மணம் இஞ்சியை அமுக்கிவிடும். எனக்குப் பிடிக்கும், கடை இஞ்சி பியர் மாதிரி இருக்காது, அவ்வளவுதான்.

தேசிக்காய் 5. கறுவாப்பட்டை ஒரு விரல் நீளம், கராம்பு 3, இரண்டும் விருப்பம். பாண் சுடும் உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. ஈஸ்ட்டைப் பேக்கரியில் கடதாசியில் சுற்றித் தருவதை வாங்காமல், மூடிய சின்னப் பைக்கற்றாக, திகதி பார்த்து வாங்குங்கள். மலைநாட்டு ஈரத்தில் திறந்து வைத்த ஈஸ்ட் வெகு சீக்கிரம் செத்துப்போகும்.

4. காய்ச்சுவது

இஞ்சியைக் கழுவி, தோலை லேசாகச் சுரண்டி, 300 கிராமை இடித்துக்கொள்ளுங்கள். உரல் இருந்தால் உரல், மிக்ஸியானால் கரகரப்போடு நிறுத்துங்கள், விழுதாக்கினால் வடிகட்டுவதற்குள் பொறுமை போய்விடும். 2 லீட்டர் தண்ணீரில் இடித்த இஞ்சி, கறுவா, கராம்பு போட்டு மூடி, கொதி வந்தபின் சின்னத் தீயில் 15 நிமிடம் விடுங்கள்.

மீதி 100 கிராமை இப்போது இடித்து, அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடி ஊறவிடுங்கள். பச்சை இஞ்சியின் உறைப்பு அதிக நேரம் வெந்தால் மங்கி இனிப்பு வாடையாக மாறும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டால் கஷாயம் கிடைக்கும், இஞ்சி பியர் கிடைக்காது. பாதி வெந்த ருசி, பாதி பச்சை ருசி இரண்டும் இருந்தால்தான் தொண்டையில் அந்தப் பிடிப்பு வரும்.

உயரத்தையும் மறக்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். கீழ்நாட்டுக் குறிப்பில் அரை மணி ஊறவிடச் சொன்னால் இங்கே முக்கால் மணி விடுங்கள். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இடையில் எங்கோ.

பிறகு துணியில் வடித்துப் பிழிந்து, பாத்திரத்தை அசையாமல் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் வெள்ளையாக ஒரு மாவு படியும், அது இஞ்சியின் மாச்சத்து. மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுத்து, சூடு இருக்கும்போதே சீனியைக் கரையுங்கள். பிழிந்த சக்கையைக் கொட்ட வேண்டாம், இன்னொரு கொதி கொதிக்க வைத்தால் ரெண்டு நாளைக்கு இஞ்சிப் பிளேன்டீக்கு ஆகும்.

சேர்க்கிற மீதித் தண்ணீரும் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் ஊற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற வீடுகளில் இது கட்டாயம். மொத்தம் 5 லீட்டர் ஆக்கி, வடித்த தேசிக்காய்ச் சாறு சேருங்கள்.

5. கடைப் போத்தலோடு ஒப்பிடுவது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். குளிரும் வாயுவும் இனிப்பை மறைக்கும், அதனால் பிரிட்ஜிலிருந்து எடுத்த கடை இஞ்சி பியரையும் உங்கள் வெதுவெதுப்பான கரைசலையும் மாறி மாறிக் குடித்தால் உங்களுடையது பாணி போல இருக்கும், உடனே தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிடுவீர்கள். முதல் நாளே கடைப் போத்தலில் ஒரு குவளை ஊற்றி, வாயு முழுக்கப் போகும்வரை திறந்து வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே சூட்டில், வாயு இல்லாமல் இருக்கும்போது ருசி பாருங்கள். அப்போதுதான் வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

லேபிளையும் படியுங்கள். 100 மில்லிலீட்டருக்கு எத்தனை கிராம் சீனி என்று போட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் இலக்கு. அதற்கு மேல் 1 கிராமிலிருந்து 1.2 கிராம் வரை கூட்டிப் போடுங்கள், அது ஈஸ்ட்டின் பங்கு. லேபிளில் 9 என்றால் நீங்கள் 10 போட வேண்டும், 5 லீட்டருக்கு 500 கிராம் என்ற கணக்கு அப்படி வந்தது.

புளிப்பு வேறு விதமாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், நீங்கள் போட்டது தேசிக்காய். கடைப் பானத்தின் கூர்மையான புளிப்பு வேண்டுமானால் சிட்ரிக் அமிலம் கால் தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். உறைப்பு போதாவிட்டால் இஞ்சிச் சாறு கொஞ்சம் கூட்டுங்கள். கொச்சிக்காய் ஒன்றைக் கிள்ளிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த எரிவு இஞ்சி எரிவு போல இருக்காது, ஆகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஈஸ்ட் வேண்டாதவர்கள் மீதித் தண்ணீர் சேர்க்குமுன்பே, 4ஆம் படியிலேயே பிரிந்துகொள்ள வேண்டும். இஞ்சி, சீனி, தேசிக்காய் எல்லாம் அதே அளவு, தண்ணீரை மட்டும் மொத்தம் ஒன்றேமுக்கால் லீட்டரோடு நிறுத்திப் பிரிட்ஜில் வைத்து, குடிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த சோடா ஊற்றுங்கள். வெடிப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அவசரத்துக்கு நானும் இதைத்தான் செய்கிறேன்.

6. ஈஸ்ட்

அரைக் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி ஈஸ்ட். விரலை விட்டால் சூடு சுகமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. கால் மணிக்குள் மேலே நுரை கட்டாவிட்டால் அந்த ஈஸ்ட்டைக் கொட்டிவிட்டு வேறு வாங்குங்கள், "பரவாயில்லை, போத்தலுக்குள் போனால் எழும்பும்" என்று நினைக்க வேண்டாம். குளிர் என்பதற்காக ஈஸ்ட்டை இரட்டிப்பாகப் போடுவது பலர் செய்கிற வேலை. பாண் மணம்தான் மிச்சமாகும். குளிருக்கு மருந்து ஈஸ்ட் அல்ல, சூடு.

கரைசல் நன்றாக ஆறி, பாத்திரத்தின் வெளிப்பக்கம் கைச்சூட்டுக்கு வந்த பிறகு ஈஸ்ட்டைச் சேர்த்துக் கலக்கி, போத்தல்களில் ஊற்றுங்கள். கழுத்திலிருந்து இரண்டு அங்குலம் காலி விட்டு, போத்தலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி இறுக மூடுங்கள். அப்படி நசுங்கியபடி மூடினால் அது நிமிர்ந்து விறைப்பதைப் பார்த்தே வேலை நடக்கிறதா என்று தெரியும்.

7. காத்திருப்பது

போத்தல் இருக்கும் இடம் எவ்வளவு சூடோ அதற்கேற்ற நேரம். தோராயமாக:

28 பாகையில் 12 மணி முதல் ஒரு நாள். கண்டி, மாத்தளை, பதுளையில் வெயில் காலம் இப்படித்தான்.

22 பாகையில் ஒன்றரை முதல் இரண்டு நாள். பண்டாரவளை, ஹட்டன் பகல் நேரம்.

16 பாகையில் மூன்று முதல் நான்கு நாள். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம். தை, மாசியில் புல்லில் பனி உறைகிற இரவுகளில் இன்னும் இழுக்கும், சில வேளை நின்றேவிடும்.

நான்கு நாள் இழுப்பதில் தப்பில்லை, ஆனால் ஈஸ்ட் தூங்கிக்கொண்டிருக்க வேறு கிருமி புகுந்து புளிக்க வைக்கும் வாய்ப்பு கூடும். அதனால் மேல் ஊர்க்காரர்கள் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டி ஒன்று தேடுங்கள், மீன் கடைகளில் கிடைக்கும், நன்றாகக் கழுவுங்கள். போத்தல்களை உள்ளே நிறுத்தி, நடுவில் ஒரு போத்தல் சுடுதண்ணீர் வைத்து மூடி, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றினால் 22, 24 பாகையில் நிற்கும். அடுப்பங்கரை மூலையும் நல்ல இடம், ஆனால் விறகடுப்புக்கு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் குளிர்ந்திருக்கும். வெடித்தாலும் தெறிக்காதபடி எப்படியும் மூடிய பெட்டிக்குள் வைப்பது நல்லது.

காலை, மதியம், இரவு என்று கையால் அமுக்கிப் பாருங்கள். திறக்காத கோலாப் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையும் அமுக்கி ஒப்பிடுங்கள். அந்த விறைப்பு வந்துவிட்டால் நேரம் என்னவானாலும், நடுச்சாமமானாலும், பிரிட்ஜுக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது சூடான ஊரில் ஆபத்தான பேச்சு. கைமீறி விறைத்துவிட்டால் மூடியை மெதுவாகச் சுழற்றி வாயுவைக் கொஞ்சம் விட்டுவிட்டு இறுக்குங்கள். பழக்கமாக ஆறு மணிக்கொரு தடவை திறந்து மூட வேண்டாம், பொங்கல் போய்விடும்.

8. பிரிட்ஜும் அதற்குப் பிறகும்

ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகு சோதனைப் போத்தலைத் தொட்டிக்கு மேலே பிடித்துத் திறங்கள். சூடாகத் திறந்தால் பாதி சுவரில்தான். அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், அசைக்காமல் ஊற்றிக் கடைசி அரை அங்குலத்தை விட்டுவிடுங்கள்.

பிரிட்ஜ் ஈஸ்ட்டைக் கொல்லாது, மந்தமாக்கும், அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். மின்வெட்டு நீண்டால் போத்தலை அமுக்கிப் பாருங்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒன்றரை லீட்டர் மட்டும் செய்து விறைத்த அன்றே முடித்துவிடுவதுதான் வழி, நுவரெலியாக் குளிரென்றாலும் வாளித் தண்ணீர் பிரிட்ஜ் ஆகாது.

பயணத்தில் கொண்டுபோக வேண்டாம். பதுளையில் ரயிலேற்றி நாள் முழுக்கப் பைக்குள் இருந்து கொழும்பு வெக்கையில் இறங்கினால் தூங்கிய ஈஸ்ட் எழும்பிவிடும். கொழும்புச் சொந்தக்காரருக்கு 5ஆம் படியில் சொன்ன, சோடா கலக்கும் ஈஸ்ட் இல்லாத இஞ்சிப் பாகு கொடுத்தனுப்புங்கள்.

9. செலவு

இஞ்சி விலை ஒரு மாதம் போல மறுமாதம் இருக்காது, அதனால் கணக்கு முறையைச் சொல்கிறேன், உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இஞ்சி கிலோ 1,500 ரூபாய் என்று வைத்தால் 400 கிராம் 600 ரூபாய். சீனி கிலோ 250 என்றால் அரைக் கிலோ 125. தேசிக்காய்க்கு 100, ஈஸ்ட், கேஸ் எல்லாம் சேர்த்து 75. மொத்தம் 900, லீட்டருக்கு 180. இஞ்சி 3,000 ஆனால் லீட்டருக்கு 300. அந்த மாதம் கடையில் வாங்கிக் குடிப்பதே லாபமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, பணம் மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் தொடங்க வேண்டாம்.

நேரம்: இடித்துக் காய்ச்சி வடிக்க இரண்டு மணி, ஆற மூன்று மணி. காலையில் அடுப்பில் ஏற்றினால் மாலைக்குள் போத்தல்.

10. விற்க நினைத்தால்

திருவிழாக் கடை, பாடசாலைச் சந்தை, தெரிந்த தேநீர்க் கடை என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். உயிருள்ள ஈஸ்ட்டோடு இருக்கும் போத்தலை விற்காதீர்கள். வாங்கியவர் அதை வெயிலில் வைப்பதை உங்களால் தடுக்க முடியாது, சாராயச் சத்து எவ்வளவு ஏறியது என்றும் சொல்ல முடியாது. விற்பதானால் ஈஸ்ட் இல்லாத பாகு.

அதற்கும் காகித வேலை உண்டு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பிரதேச சபையிலோ நகர சபையிலோ வியாபார உரிமம், இடையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சமையலறை, தண்ணீர், கழிவு ஓடும் வழி பார்ப்பார். உணவு எதுவானாலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வரும், ஆகவே லேபிளில் பெயர், உட்பொருள், அளவு, தயாரித்த திகதி, முடியும் திகதி, உங்கள் முகவரி எல்லாம் வேண்டும். இனிப்புப் பானங்களுக்குச் சீனி நிறக் குறியும் உண்டு: 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. அளவைச் சோதித்துத் தாளாக வேண்டுமென்றால் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் காசு கட்டிச் செய்துகொள்ளலாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டையும் பிரதியும், கிராம சேவகர் சான்றிதழ், இடம் உங்களுடையது அல்லது பாவிக்க அனுமதி உண்டு என்பதற்கான கடிதம். கடைசியானதில்தான் தோட்டத்து ஆட்கள் மாட்டிக்கொள்வது, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பெரும்பாலும் உறுதிப் பத்திரம் இல்லை. தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் கேட்டு வாங்க நாளாகும், அதை முதலில் தொடங்குங்கள், மற்றதைப் பிறகு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் அதையும் முன்கூட்டியே சரிபாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மேசையிலும் அதே கேள்வி வரும். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், கேட்க உரிமை இருக்கிறது. "முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வாங்க" என்றால் சிங்களப் படிவத்தை வாங்கித் தெரிந்தவரைக் கொண்டு நிரப்பிக் கொடுத்துவிடுவது சீக்கிரம் முடியும், ஆனால் கையெழுத்துப் போடுமுன் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வியாபார உரிமம் டிசம்பரோடு முடிகிறது, ஆகவே நவம்பரில் போய் எடுத்தால் ஒரு மாதத்துக்காக முழுக் கட்டணம் கட்டுவீர்கள், ஜனவரியில் போங்கள்.